முப்பத்து நாலாம் கல்

ஆற்றை அளக்கும் ஆபீசில் அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்குள் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஆறடிக்கு மேலே இரண்டு விரற்கடை உயரம், அதில் முக்கால்வாசி கால். கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டு, அளவுகோலை நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் ஆடாமல் அசையாமல் நிற்பது இருபத்தெட்டு வருஷமாக அவர் பார்க்கும் வேலை. இப்படி ஒரு ஆளுக்குக் கொக்கு என்று பேர் வைக்காமல் விட்டிருந்தால்தான் பாவம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, தண்ணீர் இளைத்துக் கிடக்கும் மாதத்தில், மலையிலிருந்து கடல்வரை ஆற்றோடு கூடவே போவார்கள். வழி நெடுக அறுபது கல். ஒவ்வொரு கல்லும் கரையில் இடுப்பளவு மண்ணுக்குள் புதைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கல்லிலிருந்து எதிர்க்கரைவரை கயிறு கட்டி, இரண்டு மீட்டருக்கு ஒரு தடவை கொக்கு கோலை ஊன்றி நிற்பார். கரையில் கருவியோடு நிற்கும் இன்ஜினியர் பார்த்துப் பார்த்து எழுதுவார். எழுதி முடித்தால், ஆற்றைக் கத்தி போட்டுக் குறுக்கே வெட்டின மாதிரி ஒரு படம் வரும். போன வருஷப் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால் ஆறு எங்கே தோண்டியது, எங்கே கொட்டியது, எந்தக் கரையில் எத்தனை மீட்டரைக் கடித்துத் தின்றது என்று தெரிந்துவிடும். எல்லாக் கணக்கும் கல்லிலிருந்துதான். கல் நகராது என்பதுதான் இந்த வேலைக்கு அஸ்திவாரம்.

இந்த வருஷம் புது இன்ஜினியர். முப்பது வயசிருக்கும் பெண். வெயிலில் தொப்பி போடமாட்டார், நிழலில் போட்டுக்கொள்வார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வந்த முதல் நாளே கொக்கை "அண்ணே" என்றார். இதற்கு முன்னால் இருந்தவர்கள் "ஏய்" என்பார்கள், நல்ல மனநிலையில் இருந்தால் "இங்க பாரு" என்பார்கள். அவர் கூடவே ஒரு புதுக் கருவியும் வந்தது. முக்காலியில் ஏற்றி வைத்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் யோசிக்கும், அப்புறம் தான் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று விரல் அகலத் துல்லியத்தில் சொல்லிவிடும். மூன்றாவது ஆள் டிரைவர். ஜீப்பை அவர் ஓட்டினார் என்பதைவிட, அவர் பேச்சின் வேகத்துக்கு ஜீப் ஓடியது என்று சொல்லலாம்.

"கொக்கண்ணே, இந்த மெஷினு வந்துடுச்சு. இனி உன்ன மியூசியத்துல வெச்சிருவாங்க," என்றார் டிரைவர்.

"கண்ணாடிப் பொட்டிக்குள்ளதானே? கால் நனையாது," என்றார் கொக்கு.

முதல் பத்துக் கல்லும் மலையில். அங்கே ஆறு சின்னப் பிள்ளை. சின்னப் பிள்ளை என்றால் சாது என்று அர்த்தமில்லை. வீட்டில் ஒரு பொருளை விட்டுவைக்காத வயசு. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஆப்பு அடித்துப் பிளந்த மாதிரி ஒரு பள்ளம், அதற்குள் தண்ணீர். மாட்டுக்கொட்டகை அளவு பாறைகளைப் போன வெள்ளத்தில் புரட்டிப் போட்டுவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நுரைத்துக்கொண்டு ஓடும். இங்கே அதற்குப் பக்கவாட்டில் போக இடமில்லை, அதனால் கீழ்நோக்கியே தோண்டும். கரையை ஒட்டிச் சமமான நிலம் என்று ஒரு பாய் விரிக்கக்கூடக் கிடைக்காது. மூன்றாம் கல்லில் கொக்கு ஒரு காலை இந்தக் கரையிலும் மறுகாலை அந்தக் கரையிலும் வைத்து நின்றார். புது இன்ஜினியர் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு புது இன்ஜினியருக்கும் கொக்கு மூன்றாம் கல்லில் இதைச் செய்து காட்டுவார். அது அவருடைய ஒரே வித்தை.

பன்னிரண்டாம் கல்லில் மலை கொஞ்சம் விலகி நின்று வழி விடும். ஆறு அகன்று, தூக்கி வந்த பாறையையெல்லாம் தூக்க மாட்டாமல் போட்டுவிட்டு, கூழாங்கல் திட்டுகளைச் சுற்றி மூன்று நாலு பின்னலாகப் பிரிந்து போகும். இருபதைத் தாண்டினால் சமவெளி. சரிவு குறைந்த பிறகு அதன் சுபாவமே மாறிவிடும். கீழே தோண்டியது போதும் என்று பக்கவாட்டில் தின்ன ஆரம்பிக்கும். வளைந்து வளைந்து போகும். வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக இடித்துக் கரையைச் சரிக்கும். உள்பக்கம் சோம்பலாகப் போய் மணலைக் கொட்டும். ஒரு கையால் எடுத்து மறுகையால் கொடுக்கும் ஆள் மாதிரி. ஆனால் எடுப்பது ஒருத்தன் தோட்டம், கொடுப்பது இன்னொருத்தனுக்கு. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும் படுகை முழுக்க இப்படி ஆறு வெள்ளத்துக்கு வெள்ளம் கொட்டிச் செய்ததுதான். எங்கேயாவது வயலுக்கு நடுவில் நகத்துண்டு மாதிரி வளைந்த குளம் ஒன்று கிடந்தால், ஒரு காலத்தில் ஆறு அந்த வழியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். படுகையில் வீடு கட்டுகிறவன் ஆற்றின் படுக்கையில் ஓரமாக ஒண்டிக்கொள்கிறான். ஆறு எப்போது புரண்டு படுக்கும் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆபீஸ் ஒவ்வொரு வளைவையும் நிற்கிற வளைவு, நகர்கிற வளைவு என்று பிரித்து வைத்திருக்கிறது. நிற்கிற வளைவில் கரையிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி வீடு இருந்தால் போதும். நகர்கிற வளைவில் ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் வீடுகள் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறினால் மழைக்கு முன்னால் காலி செய்துவிட வேண்டும். மேட்டில் மாற்று மனை கிடைக்கும். பட்டியலில் இல்லாத வீட்டை ஆறு கேட்டால், அது வீட்டுக்காரருக்கும் ஆற்றுக்கும் உள்ள விவகாரம்.

முப்பத்து நாலாம் கல் இருக்கும் வளைவு நிற்கிற வளைவு. ஒன்பது வருஷமாகக் கல்லுக்கும் கரைக்கும் இருபது மீட்டர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழைய இன்ஜினியர் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, "தங்கமான வளைவு" என்று பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலில் எழுதிக்கூட வைத்திருந்தார். அந்த வளைவில்தான் கொக்கின் அக்கா வீடு.

இருபது மீட்டர் மாறாமல் இருந்ததற்குக் காரணம் ஆறு இல்லை. கொக்கு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கரை சரிந்து முப்பத்து நாலாம் கல் விழுகிற மாதிரி விளிம்பில் நின்றது. கல் ஆற்றோடு போய்விட்டால் அப்புறம் அளக்க ஆதாரமே இல்லை. அதனால் அந்த மாதிரி நேரத்தில் கல்லைப் பிடுங்கிப் பின்னால் நட்டுவிட்டு, எத்தனை மீட்டர் நகர்த்தினோம் என்று பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். அதுதான் வழக்கம். கொக்கு பிடுங்கினார், பின்னால் தள்ளி, கரையிலிருந்து சரியாக இருபது மீட்டரில் நட்டார். பதிவேடு மட்டும் இன்ஜினியரோடு ஜீப்பில் முப்பத்தைந்தாம் கல்லுக்குப் போய்விட்டிருந்தது. ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டார். மறுநாள் இன்ஜினியருக்குக் காய்ச்சல். அப்புறம் மறந்து போயிற்று. இவ்வளவுதான் விஷயம். பெரிய குற்றமெல்லாம் பெரும்பாலும் இந்த அளவில்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது.

அடுத்த வருஷம் இருபது என்று எழுதிவிட்டு இன்ஜினியர், பரவாயில்லையே என்றார். கொக்குக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தால் போன வருஷம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதற்கடுத்த வருஷம் கரை இன்னும் ஐந்து மீட்டர் போயிருந்தது. பதினைந்து என்று எழுதினால் ஒரே வருஷத்தில் எப்படிக் குறைந்தது என்று தோண்டுவார்கள், தோண்டினால் பழையது வரும். ஆகவே, அளவெடுக்கும் குழு வருவதற்கு ஒரு நாள் முன்னால், ஏதோ ஒரு காரணம் சொல்லி லீவு போட்டுவிட்டு வந்து, கடப்பாரையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நாணல் காட்டுக்குள் போய், கல்லை எடுத்து இருபது மீட்டரில் நட்டுவிட்டார். ஒன்பது வருஷத்தில் ஏழு தடவை. கரை அசையாத இரண்டு வருஷம் மட்டும் அவருக்கு ஓய்வு.

நாணல் காட்டுக்குள் தம்பி ஒவ்வொரு வருஷமும் ஒரு மணி நேரம் காணாமல் போவதை அக்கா கவனிக்காமல் இல்லை. வயிறு சரியில்லை என்று முடிவு கட்டினார். வெளியே வந்ததும் உப்புப் போட்ட கஞ்சி ஒரு குவளை தயாராக இருக்கும். கடப்பாரை எடுத்துக்கொண்டு போகும் அளவுக்கு என்ன வயிற்றுக் கோளாறு என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கொக்கு கஞ்சியைக் குடித்துவிட்டு, இப்போது தேவலை என்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்காவும் லாரி ஓட்டும் மச்சானும் அந்த வளைவில் மனை வாங்கப் போனபோது, மச்சான் கொக்கிடம்தான் கேட்டார். ஆறு உன் ஆபீஸ் சமாச்சாரம், நீ சொன்னால் சரி என்றார். கொக்கு அன்றைக்குச் சொன்ன வார்த்தையை மச்சான் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்: "புக்குல நிக்கிற வளைவுன்னுதான் இருக்கு மச்சான்." ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. புக்கில் அப்படித்தான் இருந்தது. கொக்கு மனசுக்குள் தானே ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தார்: மூன்று வருஷத்தில் பதினாலு மீட்டர் தின்ற ஆற்றுக்கு இனிமேல் பசி அடங்கிவிடும். வீடு கட்டினபோது கரைக்கும் சுவருக்கும் நாற்பது மீட்டர் இருந்தது.

அக்காவுக்குக் கண் இல்லாமல் இல்லை. வருஷா வருஷம் சொல்வார், ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகிற தூரம் குறைந்துகொண்டே வருகிற மாதிரி இருக்கிறது என்று. முன்னால் வாளியை இரண்டு தடவை இறக்கி வைத்துவிட்டுப் போவாராம், இப்போது ஒரே மூச்சில் போய்விடுகிறாராம். போன வருஷம் கொக்கு அதற்குச் சிரித்துவிட்டு, "வயசாக ஆக உனக்குக் கால் நீளுதுக்கா. குடும்பக் கோளாறு," என்றார். அக்காவும் சிரித்தார். சொந்தக் கண்ணைவிடத் தம்பியின் வேலையை அவர் அதிகம் நம்பினார்.

இந்த வருஷமும் கொக்கு ஒரு நாள் முன்னால் வந்து, நட்டு, கஞ்சி குடித்தார்.

மறுநாள் இன்ஜினியர் புதுக் கருவியை முப்பத்து நாலாம் கல்லின் தலையில் வைத்தார். அதுவரை வந்த முப்பத்து மூன்று கல்லிலும் கருவி சொன்ன இடமும் பழைய வரைபடத்தின் இடமும் ஒன்றிரண்டு மீட்டர் வித்தியாசத்தில் ஒத்துப்போயிருந்தன. கரை சரிந்து பின்னால் நட்ட கற்களுக்குக்கூடக் கடைசிப் பக்கத்தில் கணக்கு இருந்தது. இந்தக் கல்லுக்குக் கருவி பத்து நிமிஷம் யோசித்தது. இன்ஜினியர் திரையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மறுபடி பார்த்தார்.

"நாப்பத்தொரு மீட்டர் தள்ளிக் காட்டுது," என்றார்.

கொக்கு தண்ணீருக்குள் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதயம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தலைக்குள் ஒன்றுமே ஓடவில்லை. கரையோரம் ஒரு பிளாஸ்டிக் மூடி மிதந்து வந்து அவர் முழங்காலில் முட்டி, சுற்றி, போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். இருபது, இருபது, இருபது. ஒன்பது இருபது. அப்புறம் அவர் முகம் தெளிந்தது. கல் அங்கேயேதான் இருக்கிறது, பழைய வரைபடம்தான் தப்பு என்றார். சங்கிலி இழுத்து அளந்த காலத்தில் யாரோ ஒருத்தர் இந்த இடத்தில் தூங்கிவிட்டார். டிரைவர் உடனே, சாப்பிட்ட உடனே வரைந்திருப்பார் என்றார். இருவரும் சிரித்தார்கள். வரைபடத்தைத் திருத்திக் கல்லின் புது இடத்தைப் பதிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கடைசிக் கல் முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பும்போது அதுவும் போய்விடும் என்று சொல்லி, இன்ஜினியர் கருவியை மடக்கினார்.

அதாவது ஒன்பது வருஷப் பொய்யை ஒரு படித்த பெண் வந்து, தன் கையாலேயே மெய்யாக்கிவிட்டுப் போகிறார். பழைய இடம் என்று ஒன்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. கொக்கு தப்பித்தார். வளைவு நிற்கிற வளைவாகவே நிற்கும். அக்கா வீடு பட்டியலில் ஏறாது. இன்றைக்குக் கரையிலிருந்து சுவருக்கு முப்பத்து மூன்று மீட்டர். காலையில் கொக்கு தப்படி போட்டுப் பார்த்திருந்தார்.

சந்தோஷப்படலாமா என்று உள்ளே தேடிப் பார்த்தார். சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. ஆளில்லாத வீட்டில் போய்க் கதவைத் தட்டின மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் ஆறு நாள் கீழே போனார்கள். கொக்கு கோலைப் பிடித்தார், கயிறு கட்டினார், கொடுத்ததைச் சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். டிரைவர் சொன்ன ஜோக்குகளுக்கு அவை முடிகிற இடம் பார்த்துச் சிரித்தார். நாற்பதாம் கல்லில் கிளிஞ்சல் உள்ளங்காலைக் கிழித்து, தண்ணீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து இன்ஜினியர்தான் கத்தினார். கொக்கு குனிந்து பார்த்துவிட்டு, "என்னுதா?" என்றார். டிரைவர் கடல்வரை அதையே சொல்லிச் சிரித்தார்.

நாற்பத்தொன்றாம் கல் இருக்கும் வளைவு நகர்கிற வளைவு. போன வருஷம் பட்டியலில் ஏறி, இருந்தவர்கள் மேட்டுக்குப் போய்விட்ட இடம். ஒரு வீட்டில் பாதி மட்டும் மிச்சமிருந்தது. ஆறு அதைச் சீவிவிட்ட மாதிரி சமையலறை திறந்து கிடந்தது. நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர், அதில் ஒரு பலகை, பலகைக்குக் கீழே ஆணி, ஆணியில் ஒரு கரண்டி. மீதித் தரை தண்ணீருக்கு மேலே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நல்லவேளை முன்னாலேயே எழுதினார்கள், உள்ளே யாரும் இல்லை என்றார். கொக்கு கரண்டியைப் பார்த்தார். அக்கா வீட்டிலும் கரண்டி ஆணியில்தான் தொங்கும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் தொங்கும். கோலை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

நாற்பத்தைந்துக்குக் கீழே ஆற்றுக்குக் களைப்பு வந்துவிடும். மலையில் பாறையைப் புரட்டினது இங்கே வண்டலைக்கூடச் சுமக்க முடியாமல் வழியெல்லாம் போட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை தாண்டும்போது கனமானதை முதலில் ஓரத்திலேயே போட்டுவிடுவதால், தன் இரண்டு பக்கமும் தானே வரப்புக் கட்டிக்கொண்டது போலிருக்கும். வரப்புமேல் நின்று பார்த்தால் ஆறு மேலே போகும், வயலும் வீட்டுக் கூரையும் கீழே கிடக்கும். அங்கே குடியிருப்பவர்கள் அந்த வரப்பின்மேல்தான் சைக்கிள் ஓட்டிப் பழகுகிறார்கள். ஐம்பதுக்குக் கீழே ஆறு இரண்டாகி, நாலாகி, எது வாய்க்கால் எது ஆறு என்று தெரியாமல் சேற்றுக்குள் பரவிவிடும்.

அறுபதாம் கல்லில் கரை என்றே ஒன்று இல்லை. கால் வைக்கிற சேறு எங்கே முடிந்து தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று மணிக்கு ஒரு தடவை மாறும். அலை ஏறினால் கல்லே நனையும். விளிம்பு எங்கே என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது என்று இன்ஜினியர் கேட்டார். எல்லா இன்ஜினியரும் கேட்பார்கள். ஒரு கோடு போட்டுவிடுங்கள் என்று கொக்கு எப்போதும் சொல்லும் பதிலைச் சொன்னார்.

அறுபதாம் கல்லில் இன்னொரு வழக்கம் உண்டு. பதிவேட்டின் கடைசியில், கற்கள் அனைத்தும் அதனதன் இடத்தில் இருக்கக் கண்டேன் என்று அச்சடித்த வரிக்குக் கீழே கோல் பிடிப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஜினியர் கருவியையோ மடிக்கணினியையோ நம்பலாம். கல்லைத் தொட்டுப் பார்த்தவன் கோல்காரன்தான். கொக்கு ஒன்பது வருஷமாக அதில் போட்டுவந்தார். மற்ற எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், இதில் மட்டும் அழகாக இருக்கும். அவரே ஒரு தடவை அதைக் கவனித்திருக்கிறார்.

ஜீப்பின் முன்பக்கத்தில் பதிவேட்டை விரித்து இன்ஜினியர் பேனாவை நீட்டினார். கொக்கு வாங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார். பேனாவை வரியின் மேல் வைத்தார். ஒரு மைப்புள்ளி விழுந்து அகன்றது.

"முப்பத்து நாலு நான் நட்டது," என்றார்.

இன்ஜினியருக்குப் புரியவில்லை. எல்லாக் கல்லும் யாரோ நட்டதுதானே என்றார்.

"இல்ல மேடம். நகத்தி நட்டேன். ஏழு தடவ. எழுதல." குரல் பஸ் நிறுத்தம் பேர் சொல்கிற மாதிரிதான் இருந்தது. "மேப்பு சரி. கல்லுதான் தப்பு."

டிரைவர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார். இன்ஜினியர் பதிவேட்டைப் புரட்டி அந்த ஒன்பது இருபதையும் விரலால் தடவிக்கொண்டு போனார். நாற்பத்தொன்றை ஒன்பதால் வகுத்துப் பார்த்திருப்பார். ஏன் என்று கேட்பார் என்று கொக்கு காத்திருந்தார். மறந்துபோனேன் என்பதை ஒன்பது வருஷத்துக்கு எப்படி நீட்டுவது?

அவர் கேட்டது வேறு. "அந்த வளைவுல வீடு இருக்காண்ணே?"

"மூணு இருக்கு. ஒண்ணு எங்க அக்கா வீடு."

"இப்ப சொல்றீங்களே, உங்களுக்கு இன்னும் எத்தன வருஷம் சர்வீஸ்?"

"ரெண்டு."

"நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க மேடம்."

அவர் பேனாவை வாங்கி மூடினார். எழுத்து மட்டும் போதாது, பழைய இடம் எங்கே இருந்தது, இப்போது கரை எங்கே இருக்கிறது என்று அந்த இடத்திலேயே அளந்து காட்டினால்தான் பட்டியலில் ஏற்ற முடியும் என்றார். மறுநாள் ஜீப் ஆற்றைப் பார்க்காமல் தார் ரோட்டிலேயே ஓடி மத்தியானம் வளைவுக்கு வந்து சேர்ந்தது. வழியில் டிரைவர் ரேடியோகூடப் போடவில்லை.

பழைய வரைபடத்தில் கல் இருந்த இடம் இப்போது கரையில் இல்லை. விளிம்பிலிருந்து இருபத்தொரு மீட்டர் தண்ணீருக்குள் இருந்தது. கொக்கு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்; மறுமுனையை டிரைவர் ஜீப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். வளைவின் வெளிப்பக்கம் என்பதால் கரையை ஒட்டித்தான் ஆழம். இரண்டு இடத்தில் மார்புக்கு மேலே ஏறி, அப்புறம் வயிற்றுக்கு இறங்கியது. கரையிலிருந்து இன்ஜினியர் கை காட்டினார்: இடது, இன்னும் கொஞ்சம், முன்னால், போதும். கொக்கு கோலை ஊன்றினார். காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போயிற்று. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த இடத்தில் நின்று கடப்பாரை போட்டிருக்கிறார். அப்போது தரை கெட்டியாக இருந்தது. பக்கத்தில் ஒரு முள்மரம் இருந்தது.

அக்கா துணி வாளியோடு கரைக்கு வந்தார். ஜீப்பைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், அப்புறம்தான் நடு ஆற்றில் தம்பியைப் பார்த்தார்.

"என்னடா, கீழ போன ஆளு அதுக்குள்ள வந்துட்ட? அங்க நின்னு என்ன பண்ற?"

"இங்கதான்க்கா கல்லு இருந்துச்சு."

"எந்தக் கல்லு?"

"ஆபீஸ் கல்லு. கரை இதுக்கும் அந்தப் பக்கம் இருந்துச்சு." கோலைப் பிடித்த கையை எடுக்க முடியாது, தாடையால் காட்டினார். "நான்தான் வருஷா வருஷம் உள்ள தள்ளி நட்டேன். புக்குல ஒண்ணும் தெரியாம."

அக்கா வாளியை இறக்கி வைத்தார். தம்பி நின்ற இடத்துக்கு அப்பால் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. தூரத்தை எண்ணினாரா என்று தெரியவில்லை. படித்ததென்னவோ மூன்றாம் வகுப்பு, ஆனால் இந்தக் கழித்தலைப் போட அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"அப்ப போன வருஷம் நான் சொன்னப்ப, சிரிச்சியே."

கருவி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. ஆடாமல் பிடிக்கச் சொல்லி இன்ஜினியர் கரையிலிருந்து கையை உயர்த்தினார். கொக்கு ஆடாமல் பிடித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் கோல் இவ்வளவு நேராக நின்றதில்லை.

இன்ஜினியர் அக்காவிடம் போய் மெதுவாகப் பேசினார். கரையிலிருந்து அளந்தால் முப்பத்து மூன்று மீட்டர், ஐம்பதுக்குள் வருகிறது, பட்டியலில் ஏற்றுகிறேன், மழைக்கு முன்னால் மேட்டில் மனை கிடைக்கும் என்றார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அழுவார் என்று இன்ஜினியர் நினைத்திருக்க வேண்டும், தோளைத் தொடக் கையைப் பாதி நீட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஜன்னல் கதவெல்லாம் பேத்து எடுத்துட்டுப் போலாமா?" என்றார் அக்கா. "இல்ல அதுவும் ஆபீஸுக்கா?"

எல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் இன்ஜினியர்.

அக்கா வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார், கையில் ஒன்றும் இல்லை. முன்பக்க ஜன்னலை ஜாண் போட்டு அளந்தார். அகலம் அளந்துவிட்டு உயரம் அளந்தார். நடுவில் கணக்கு விட்டுப்போய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவருக்கு ஒத்தாசை செய்யலாம். கோல் நாலு மீட்டர் நீளம், ஒரே தடவையில் சொல்லிவிடும். ஆனால் கருவி இன்னும் முடிக்கவில்லை. கொக்கு வயிற்றளவுத் தண்ணீரில் நின்றபடி, அக்கா எத்தனை ஜாண் எண்ணுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.